விடுதலைப் பத்திரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூணு வருஷம் யோசித்தேன். எழுத உட்காரும்போதெல்லாம் ஒரே குரல்தான் காதில் விழுந்தது. "நம்ம வூட்டு அழுக்க நாமே கொண்டுபோயி தெருவுல கொட்டலாமா? ஊர்க்காரன் பாத்துச் சிரிக்க மாட்டானா?" இதைச் சொன்னவர் எனக்கு எதிரி இல்லை. என் கல்யாணத்துக்குத் தலைமை தாங்கி, பாபாசாகேப் படத்துக்கு முன்னால் எங்களை மாலை மாற்றிக்கொள்ளச் சொன்ன தோழர். அவரிடம் திருப்பிக் கேட்கிறேன். ஊர்க்காரன் சிரிப்பான் என்பதற்காக நம்ம பெண்கள் எத்தனை காலத்துக்கு அழுதுகொண்டே இருப்பது?

நான் அரூர்ப் பக்கத்து காலனியில் வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்தார். 2017-ல் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சுவலி வந்து செத்துப்போனார். 41 வயசு. பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் காலையில் கொழுந்தனார் ஒரு பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கூட ரெண்டு பெரியவர்கள். "அண்ணி, ஒண்ணும் இல்ல, ஒரு கையெழுத்து. எல்லாம் பேர் மாத்துற வேலைதான்" என்றார். வாங்கிப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'விடுதலைப் பத்திரம்' என்று போட்டிருந்தது.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. விடுதலை என்ற சொல்லை அதுவரைக்கும் கொடியிலும் நோட்டீசிலும் மேடையிலும்தான் பார்த்திருந்தேன். அந்தச் சொல்லைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன மனுஷனை அப்போதுதான் புதைத்துவிட்டு வந்திருந்தோம். சப் ரிஜிஸ்தர் ஆபீசில் அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம். கூட்டாக உரிமை உள்ள சொத்தில் என் பாத்தியதையை நானே விட்டுக்கொடுத்துவிட்டேன், இனிமேல் எனக்கோ என் வாரிசுக்கோ ஒன்றும் கிடையாது என்று எழுதிக்கொடுப்பதுதான் விடுதலைப் பத்திரம். யாருக்கு யாரிடமிருந்து விடுதலை? என்னிடமிருந்து அந்த வீட்டுக்கு விடுதலை!

நான் போடவில்லை. "எம் பொண்ணு படிப்பு முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றேன். அவ்வளவுதான். அன்றையிலிருந்து நான் கெட்டவள். புருஷனை முழுங்கிவிட்டு வீட்டையும் முழுங்கப் பார்க்கிறவள்.

அடிக்கவில்லை, உதைக்கவில்லை. வாசல் பக்கத்துக் கதவுக்குப் பூட்டு வந்தது. கக்கூசுக்குப் பூட்டு வந்தது. எங்கள் ரூமுக்குப் போகிற கரண்ட் லைன் அடிக்கடி 'ரிப்பேர்' ஆனது. ராத்திரியில் யாரோ ஜன்னலில் கல் போடுவார்கள், காலையில் "தனியா இருக்கிற பொம்பள, பேரு கெட்டுப்போவும், அம்மா வூட்டுக்குப் போயிரு" என்று புத்தி சொல்ல வருவார்கள். கல் போட்டவனும் புத்தி சொன்னவனும் ஒரே தெரு. பத்து மாசம் தாக்குப்பிடித்தேன். என் மகளுக்கு அப்போது 13 வயசு. அவள் வயசுக்கு வந்து ஆறு மாசம். கக்கூசு பூட்டிக் கிடக்கிற வீட்டில் அவளை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது? 2018 ஆவணியில் ஒரு குட்டியானை வண்டியில் பீரோவையும் ரெண்டு அண்டாவையும் ஏற்றிக்கொண்டு தருமபுரிக்கு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வண்டி ஏறும்போது பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்களில் நாலு பேர் நீலத் துண்டு போட்டவர்கள். "சமாதானமா போயிட்டீங்க, நல்லது தோழர்" என்றார்கள்.

*

அந்த வீட்டின் கதையைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது.

ஆதிதிராவிடர் நலத்துறை என் மாமனாருக்குக் கொடுத்த மூணு செண்ட் மனை. அதில் கவர்மெண்டு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. தொகுப்பு வீடு என்றால் நம்ம ஜனங்களுக்குச் சொல்லித்தான் தெரியவேண்டுமா? பத்து வருஷத்தில் காரை பேர்ந்து கம்பி பல்லை இளிக்கும். மழை பெய்தால் வெளியில் விட்டபிறகும் உள்ளே பெய்யும். 2009-ல் மாமனார் தவறிப்போனார். 2011-ல் அந்த வீட்டை இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டினோம். அவர் பெங்களூரில் சாரத்தில் தொங்கிச் சம்பாதித்த கூலி கொஞ்சம். என் தோடும் சங்கிலியும் கொஞ்சம். மிச்சத்துக்கு மகளிர் குழுக் கடன்.

மகளிர் குழு என்றதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் அரசு மகளிர் சுய உதவிக் குழுத் திட்டத்தை முதன்முதலில் ஆரம்பித்தது நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். 1989-ல், ஐ.நா.வின் ஐஃபாட் நிறுவனத்து நிதியுதவியோடு. அப்போது கிருஷ்ணகிரியும் இதே மாவட்டத்தில் இருந்தது, 2004-ல்தான் பிரிந்தது. இங்கே ஆரம்பித்து அப்புறம் மாநிலம் முழுக்கப் போனது. இத்தனை வருஷமாக நம்ம பெண்கள் வாரம் தவறாமல் குழுவில் உட்கார்ந்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு, ஒருத்தி கட்டாவிட்டால் இன்னொருத்தி வீட்டு வாசலில் போய் நின்று, கடனை அடைத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தில் எத்தனை கூரை ஓடானது, எத்தனை ஓடு மெத்தையானது என்று நம்ம காலனிகளில் தெருத்தெருவாக எண்ணிப் பாருங்கள். அப்புறம் அந்த வீடுகளின் பட்டாவை எடுத்துப் பாருங்கள். கடன் நோட்டில் எங்கள் பேர். பட்டாவில் மாமனார் பேர், புருஷன் பேர், கொழுந்தன் பேர்.

வாங்குகிற கடனுக்கு நான் வேண்டும். கட்டுகிற வீட்டுக்கு நான் வேண்டாம். நான் அந்த வீட்டை விட்டு வந்தபிறகும் குழுக் கடன் ஏழு தவணை பாக்கி இருந்தது. அதை யார் கட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? பூட்டுப் போட்டவர்களா?

*

2012 நவம்பர் 7-ஆம் தேதியை இந்தப் பத்திரிகை படிக்கிற யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. நம்ம பையன் ஒருத்தன் வன்னியர் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான் என்பதற்காக, சாயங்காலத்தில் கூட்டமாக வந்து இருநூறுக்கு மேற்பட்ட நம்ம வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். குடிசை எரித்த காலம் போய், மெத்தை வீட்டைத் தேடித்தேடி எரித்தார்கள். பெங்களூரிலும் திருப்பூரிலும் கூலிக்குப் போய்ச் சேர்த்த பீரோ, வண்டி, டி.வி., நகை, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் சாம்பல். சேரிக்காரன் மெத்தை வீட்டில் இருக்கிறானே என்ற வயிற்றெரிச்சல்தான் அந்தத் தீயில் பாதி.

அடுத்த வாரம் நானும் என் வீட்டுக்காரரும் அங்கே போனோம். பெண்கள் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா உருகிப்போன குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எங்கம்மா வாங்கிக் குடுத்தது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு நோட்டு வாங்கி, வீடு வீடாக உட்கார்ந்து என்னென்ன போச்சு என்று எழுதினார். பாய் எத்தனை, அரிசி எத்தனை படி, கம்மல் எத்தனை கிராம், எந்தப் பிள்ளையின் எந்த சர்டிபிகேட். மூணு நாள் எழுதினார். "கேசுக்கு ஆவுதோ இல்லியோ, நம்ம பேத்திக்குத் தெரியணும்" என்பார்.

அப்போது நாமெல்லாம் மேடையில் என்ன பேசினோம்? வீடு என்பது வெறும் செங்கல்லும் சிமெண்டும் இல்லை, ஒரு சமூகத்தின் மானம் என்று பேசினோம். நானும் கைதட்டினேன். சரி தோழர்களே, அதே கேள்வியை இப்போது கேட்கிறேன். ஊர்க்காரன் வந்து கொளுத்தினால் வன்கொடுமை. நம்ம ஆளே பூட்டுப் போட்டு வெளியே தள்ளினால் அதுக்குப் பேர் குடும்ப விஷயமா? அவன் எரித்தால் உண்மை அறியும் குழு வருகிறது. இவன் பூட்டினால் சமாதானம் பேசும் குழு வருகிறது. ரெண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தீ வைத்த சாதிவெறிக்கும் என் கொழுந்தனாரின் பேராசைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் வீட்டை இழந்து தெருவில் நிற்கிற பெண்ணின் காலுக்குக் கீழே இருக்கிற மண் ரெண்டு இடத்திலும் ஒரே மண்தான்.

அந்த நோட்டு என்ன ஆச்சு என்றும் சொல்லிவிடுகிறேன். நான் வீட்டை விட்டு வந்தபோது அவருடைய டிரங்குப் பெட்டியை எடுக்க விடவில்லை. "அது எங்க அண்ணனோடது" என்றார்கள். பழைய பத்திரிகைகள், நோட்டீஸ்கள், இரவுப் பள்ளிப் பிள்ளைகளின் வருகைப் பதிவேடு, நத்தத்து நோட்டு எல்லாம் அதில்தான் இருந்தன. ஆறு மாசம் கழித்து மகளை அனுப்பிக் கேட்டேன். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டாச்சு என்றார்கள்.

*

டெல்லியில் அலிப்பூர் ரோடு 26-ஆம் எண் வீடு. நம்ம பிள்ளைகளுக்கு இந்த விலாசம் மனப்பாடம். 1951-ல் இந்து சட்ட மசோதாவை நிறைவேற்றாமல் இழுத்தடித்ததால் சட்ட அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு பாபாசாகேப் குடிபோன வீடு. 'புத்தரும் அவர் தம்மமும்' எழுதி முடித்த வீடு. 1956 டிசம்பர் 6-ஆம் தேதி அவர் உயிர் பிரிந்த வீடு. அப்புறம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அங்கே ஒரு பெண் மிச்சம் இருந்தார். டாக்டர் சவிதா அம்பேத்கர். 1948-ல் அவரைக் கல்யாணம் செய்துகொண்டு, சர்க்கரை நோயில் வாடிய அந்த உடம்பைக் கடைசிவரை கவனித்தவர். 1956 அக்டோபர் 14-ஆம் தேதி நாகபுரியில் அவரோடு சேர்ந்து பௌத்தம் தழுவியவர். பாபாசாகேப் போன உடனேயே நம்ம ஆட்களில் பலர் அவர்மேல் பாய்ந்தார்கள். பார்ப்பனத்தி விஷம் வைத்துவிட்டாள் என்றார்கள். அரசு விசாரித்தது, இயற்கை மரணம்தான் என்று முடிந்தது. சந்தேகம் முடியவில்லை. பல வருஷம் அவர் இயக்கத்துக்கு ஆகாதவராகவே ஒதுங்கி வாழ்ந்தார்.

அலிப்பூர் ரோடு வீடு சொந்த வீடு இல்லை. சிரோஹி மகாராஜாவுக்குச் சொந்தமானது, வாடகைக்கு இருந்தார்கள். பின்னால் அது கைமாறியது. 1967 ஜனவரியில் சவிதா அம்பேத்கர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, வாங்கினவர் கோர்ட்டு ஆட்களோடு வந்து அவருடைய அறைகளில் இருந்ததையெல்லாம் தூக்கி வெளியே போட்டார். பாபாசாகேபின் காகிதங்கள் முற்றத்தில் கிடந்தன. அன்று ராத்திரி மழை. எழுதியதில் எத்தனையோ நனைந்து நாசமாகிப்போனது. பாபாசாகேபிடம் செயலாளராக இருந்து அவர் எழுத்துகளைத் தட்டச்சு செய்த நானக் சந்த் ரட்டு இதை எழுதிவைத்திருக்கிறார்.

வெளியேற்றியது நம்ம ஆட்கள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். வீட்டை வாங்கினவன் வெளியேற்றினான். ஆனால் அன்றைக்கு அந்தம்மா பக்கத்தில் நிற்க ஆள் இல்லாமல் செய்தது யார்? பாபாசாகேப் வாழ்ந்த வீட்டுக்குப் பத்து வருஷமாகக் காவல் போட வேண்டியவர்கள், அங்கே இருந்த பெண்ணின்மேல் இருந்த கசப்பில் அந்த வாசலையே மறந்துபோனார்கள். பெண்ணைத் தனியாக விட்டோம், காகிதமும் போச்சு. புருஷன் செத்தபிறகு ஒரு வீட்டில் மிச்சம் இருக்கிறவள் வெறும் சோற்றுச் சட்டிக்குச் சொந்தக்காரி இல்லை. அவன் வாழ்ந்ததற்கு அவள்தான் சாட்சி. அவளை வெளியே போட்டால் அவன் எழுதினதும் சேர்ந்தே வெளியே போகும். அலிப்பூர் ரோட்டிலும் அதுதான் நடந்தது, எங்கள் காலனியிலும் அதுதான் நடந்தது.

2018 ஏப்ரல் 13-ஆம் தேதி அதே இடத்தில் அரசியல் சட்டப் புத்தக வடிவத்தில் ஒரு நினைவகத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். இடமாவது மிஞ்சியது, நல்லது. ஆனால் சவிதா அம்பேத்கர் 2003-லேயே போய்விட்டார். பின்னாளில் தலித் பேந்தர்கள் அவரை மேடைக்கு அழைத்தார்கள் என்பதையும், 1990-ல் பாபாசாகேபுக்குக் கொடுத்த பாரத ரத்னாவை அவர்தான் வாங்கினார் என்பதையும் நான் மறைக்கவில்லை. கல்வெட்டுக்கும் விருதுக்கும் நமக்கு எப்போதும் நேரம் இருக்கிறது. மழையில் காகிதம் நனைகிற ராத்திரியில்தான் ஒருத்தரும் இருப்பதில்லை.

"அவர் பிறப்பால் பார்ப்பனத்தி, நீ எங்கே அவர் எங்கே" என்று ஒரு தம்பி கேட்டான். தம்பி, நானும் அதையேதான் கேட்கிறேன். டாக்டருக்குப் படித்த, பெரிய இடத்துப் பெண்ணுக்கே அந்த கதி என்றால், சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கிண்டுகிற எனக்கு எவன் வருவான்?

*

இன்னொரு பதிலும் தயாராக வைத்திருக்கிறார்கள். "நம்ம சாதியில பொம்பளைக்கு அந்தக் காலத்துலயே சுதந்திரம். தாலி அறுத்தவ மூலையில உக்கார வேணாம், மறுபடி கட்டிக்கலாம்." உண்மைதான். அதற்காகவே நம்மை 'அறுத்துக் கட்டுற சாதி' என்று இளக்காரமாகச் சொன்னார்கள் மேல்சாதிக்காரர்கள். அது இளக்காரம் இல்லை, நம்ம பெருமை. அவர்கள் தலை மொட்டையடித்து மூலையில் உட்காரவைத்தபோது நம்ம பாட்டிகள் இன்னொருத்தன் கையைப் பிடித்துக்கொண்டு வாழப் போனார்கள்.

ஆனால் போகும்போது எதை எடுத்துக்கொண்டு போனார்கள்? கட்டின சேலையை. குடிசை அங்கேயே நின்றது. பிள்ளைகளையும் பல நேரம் அங்கேயே விட்டுவிட்டுத்தான் போனார்கள். போகிற உரிமை இருந்தது, இருக்கிற உரிமை இல்லை. நான் கேட்பது ரெண்டாவதை. நான் இன்னொருத்தரைக் கட்டிக்கொள்வேனா மாட்டேனா என்பது என் பாடு. கட்டிக்கொள்ளாவிட்டாலும் அது என் வீடு, கட்டிக்கொண்டாலும் அதில் எனக்குப் பங்கு உண்டு. இப்போது அந்தப் பழைய சுதந்திரத்தையும் விட்டுவிட்டோம் என்பதுதான் வேதனை. பொட்டு அழிக்கிறோம், பூ பறிக்கிறோம், நல்ல காரியத்துக்கு முன்னால் வராதே என்கிறோம். மேல்சாதிக்காரன் கழற்றிப் போட்டதை நாம் எடுத்து மாட்டிக்கொள்கிறோம்.

1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை என்று தீர்மானம் போட்டார்கள். 1989-ல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பாகம் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் பூர்வீகச் சொத்து என்று நமக்கு என்ன இருந்தது? 1892-ல் வெள்ளைக்காரன் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தையே பிடுங்கிக்கொண்டார்கள். அதை மீட்கப் போய் 1994-ல் காரணைப் போராட்டத்தில் ரெண்டு உயிரைத் துப்பாக்கிக்குக் கொடுத்தோம். மிஞ்சியிருப்பது இந்த மூணு செண்ட்தான். நம்ம பெண்களின் சொத்துரிமைப் போராட்டம் அந்த மூணு செண்டில்தான் நடக்கவேண்டும், வேற இடம் இல்லை.

*

இனி கணக்கு. இதை நான் ஒரு வக்கீல் அம்மாவிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17-ல் அமலுக்கு வந்தது. பாபாசாகேப் கொண்டுவந்து, தோற்கடிக்கப்பட்டு, துண்டுதுண்டாக வெட்டி நிறைவேற்றப்பட்ட மசோதாவின் ஒரு துண்டு இது. அவர் சாவதற்கு ஆறு மாசம்கூட இல்லை. இந்துக்கள் என்று சர்டிபிகேட்டில் எழுதியிருக்கிற நமக்கும் பொருந்தும், பௌத்தர்களுக்கும் பொருந்தும். உயில் எழுதாமல் ஒருத்தர் செத்தால் அவருடைய பெண்டாட்டி, பிள்ளைகள், அம்மா எல்லாரும் முதல் வரிசை வாரிசு. ஆளுக்கு ஒரு சமப் பங்கு.

எங்கள் மூணு செண்டைப் பிரித்துப் பார்ப்போம். மாமனார் செத்தபோது அத்தைக்கு ஒன்று, என் வீட்டுக்காரருக்கு ஒன்று, கொழுந்தனாருக்கு ஒன்று, மூணு பங்கு. என் வீட்டுக்காரர் செத்தபோது அவருடைய ஒரு பங்கு மறுபடி மூணாகிறது. எனக்கு, என் மகளுக்கு, அத்தைக்கு. மொத்தத்தை ஒன்பது பங்காக வைத்தால் எனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, கொழுந்தனாருக்கு மூணு, அத்தைக்கு நாலு.

கவனித்தீர்களா? அந்த வீட்டில் பெரிய பங்குக்காரி அத்தை. வீட்டுக்கு வெளியே சார்ப்பில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு, சின்ன மருமகள் போடுகிற களிக்குக் காத்துக்கொண்டிருக்கிற அந்தக் கிழவி! கணக்குப் போட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. பஞ்சாயத்தில் அத்தை எனக்கு எதிராகத்தான் பேசினார். "எம் பையன் போயிட்டான், அவ எதுக்கு இங்க?" என்றார். அன்று எனக்குக் கோபம். இன்று இல்லை. அவரும் அறுத்தவர்தான். மிச்சம் இருக்கிற மகனைப் பகைத்துக்கொண்டால் அவருக்கு அந்தச் சார்ப்பும் கிடையாது என்று நினைத்தார். தன் பேரில் ஒன்பதில் நாலு பங்கு இருக்கிறது என்று யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால் அன்றைக்கு வேற மாதிரி பேசியிருப்பார். மாமியார் மருமகள் சண்டை என்று சிரிக்கிறீர்களே, ரெண்டு பேருக்கும் காகிதம் இல்லாததால் வருகிற சண்டை அது.

பங்கு பிரிக்கும்வரைக்கும் தெருவில் நிற்கவேண்டியதில்லை. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, கல்யாணமாகிச் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்க உரிமை உண்டு, பட்டா யார் பேரில் இருந்தாலும். கணவனை இழந்த பெண்ணுக்கும் இது உண்டு என்று 2022 மே மாதம் பிரபா தியாகி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. பூட்டுப் போடுவதும் கரண்டைப் பிடுங்குவதும் அந்தச் சட்டப்படி குற்றச்சாட்டுக்கு உரிய வன்முறை. மாவட்டத்தில் இதற்கென்று பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 2018-ல் எனக்கு இது எதுவும் தெரியாது. பஞ்சாயத்தில் உட்கார்ந்த தோழர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக ஒப்பிக்கிறவர்கள் அவர்கள்.

*

கடைசியாக நான் கேட்பது இவ்வளவுதான்.

காரியம் முடிகிறவரைக்கும், முடிந்து ஒரு வருஷம் ஆகிறவரைக்கும், எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், அக்கா தங்கச்சிகளே. முதலில் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். உங்கள் பேரும் பிள்ளைகள் பேரும் அதில் இருக்கிறதா என்று வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் காகிதத்தை எடுங்கள். நான் அண்டாவை எடுத்துவந்தேன், நோட்டை விட்டுவிட்டேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

இயக்கத் தோழர்களுக்கு: பஞ்சமி நிலத்தை மீட்போம் என்று முழங்குகிறீர்கள், நானும் வருகிறேன். மீட்ட நிலத்தை யார் பேரில் எழுதப்போகிறீர்கள் என்று இப்போதே சொல்லுங்கள். கவர்மெண்டே இப்போது பிரதமர் வீட்டுத் திட்டத்தில் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர் பேரிலும் எழுது என்கிறது. கவர்மெண்டுக்கு இருக்கிற புத்தி இயக்கத்துக்கு இருக்கவேண்டாமா? உயிரோடு இருக்கும்போதே பெண்டாட்டி பேரைச் சேர்த்து எழுதிவையுங்கள். அதைச் செய்யாதவன் சுவரில் பாபாசாகேப் படம் மாட்டுவதில் அர்த்தமில்லை. கணவனை இழந்த பெண்ணை வெளியே அனுப்பும் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவன் எவனாக இருந்தாலும், எந்தக் கொடி பிடித்தவனாக இருந்தாலும், அவனைப் பேர் சொல்லிக் கூட்டத்தில் கேளுங்கள்.

கொழுந்தனார் ஒவ்வொரு பொங்கலுக்கும் வருகிறார். கரும்பு கொண்டுவருகிறார், கூடவே அந்தப் பத்திரத்தையும். போன தடவை வந்தபோது என் மகள் வாங்கி முழுசாகப் படித்தாள். இப்போது காலேஜில் படிக்கிறாள். படித்துவிட்டு, "சித்தப்பா, இதுல பாட்டி பேரே இல்லியே?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

அடுத்த மாசம் நானும் மகளும் அத்தையைப் பார்க்கப் போகிறோம். ஒன்பதில் நாலு என்ற கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகிறோம். நான் அந்த வீட்டை விட்டு வந்ததுதான் நடந்திருக்கிறது, அந்த வீட்டை விட்டுக்கொடுத்தது இன்னும் நடக்கவில்லை. கையெழுத்து என் கையில்தான் இருக்கிறது.